தலைக்கணக்கில் விடுபட்ட ஒருவர்: திருகோணமலையிலிருந்து அமெரிக்கா போன மனைவி விசா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மனைவி உப்புவெளியைச் சேர்ந்தவர், முன்பள்ளி ஆசிரியை. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அங்கே தன் சொந்தக் காரில் செயலிவழி டக்ஸி ஓட்டுகிறார். 2023 ஜனவரியில் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் விவாகப் பதிவு நடந்தது. மார்ச்சில் கணவர், மனைவியை அழைப்பதற்கான ஐ-130 மனுவை இணையவழி தாக்கல் செய்தார். அப்போது கட்டணம் 535 டொலர்; 2024 ஏப்ரல் 1 முதல் இணையவழிக் கட்டணம் 625 ஆகிவிட்டது. மனு 2024 ஜூனில் அங்கீகரிக்கப்பட்டு, விண்ணப்பக் கோவை, என்.வி.சி என்று எல்லோரும் சொல்லும் தேசிய விசா நிலையத்துக்குப் போனது. ஜூலையில் கட்டண அறிவித்தல் வந்தது: ஸ்பொன்சர் பத்திரப் பரிசீலனைக்கு 120 டொலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டொலர்.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பொலிஸ் நற்சான்று எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. கோவை இழுபட்டது ஸ்பொன்சர் பத்திரத்தில்தான்.

அந்தப் பத்திரத்தின் பெயர் ஐ-864. வருபவரை அரச உதவியில் விழவிடாமல் தாங்குவேன் என்று ஸ்பொன்சர் செய்பவர் அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. அவருடைய வருமானம் அவ்வாண்டு வறுமைக்கோட்டின் 125 சதவீதத்தையாவது தொட வேண்டும். கோடு குடும்ப அளவைப் பொறுத்து உயரும். 2024 இல் இந்த 125 சதவீதம் 2 பேருக்கு 25,550 டொலர், 5 பேருக்கு 45,725, 6 பேருக்கு 52,450. ஆகவே இந்தப் படிவத்தில் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டே: எந்த வருமானம், எத்தனை தலை. இந்தக் கோவையில் இரண்டுமே ஒவ்வொரு முறை பிழையாகின.

முதல் தாக்கல்

2024 ஓகஸ்டில் கணவர் ஐ-864 க்குப் பதிலாக அதன் சுருக்க வடிவமான ஐ-864ஈஸெட் படிவத்தை நிரப்பிப் பதிவேற்றினார். பக்கம் குறைவு, கேள்வி குறைவு என்பதால் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மனுதாரரே ஸ்பொன்சராகி, ஒரேயொருவரை மட்டும் அழைத்து, தன் வருமானம் முழுவதையும் டபிள்யூ-2 (தொழில்தருநர் கொடுக்கும் ஆண்டுச் சம்பளத் தாள்) காட்டும் சம்பளமாகவோ ஓய்வூதியமாகவோ பெற்றால்தான் அது செல்லும். டக்ஸி ஓட்டுவது சுயதொழில், அதற்கு டபிள்யூ-2 கிடையாது.

வருமானச் சான்றாக அவர் இணைத்தவை செயலி நிறுவனம் அனுப்பிய 1099-கே தாளும் ஒரு வருட வங்கிக் கூற்றும். வரி அறிக்கையை இணைக்கவில்லை. படிவம் பொருந்தாது, முழு ஐ-864 வேண்டும், அண்மைய ஆண்டு வரி ஆவணம் வேண்டும் என்று செப்டெம்பரில் பதில் வந்தது.

ஒரே ஆளின் மூன்று வருமானங்கள்

கணவருடைய 2023 தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது மூன்று வேறு தொகைகள் தெரிந்தன.

1099-கே காட்டியது 51,300 டொலர். பயணிகள் கட்டிய மொத்தக் காசு அது. நிறுவனம் எடுத்துக்கொண்ட தரகும் கட்டணங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அந்த 10,900 ஐக் கழித்தால் அவருடைய வங்கிக் கணக்குக்கு உண்மையில் வந்தது 40,400. வரி அறிக்கையில் அவர் தொழிலுக்காக ஓடிய 38,000 மைலுக்குச் செலவு கழித்திருந்தார். 2023 க்கான வீதம் மைலுக்கு 65.5 சதம், ஆக 24,890 டொலர். வீதிக் கட்டணம், தொலைபேசி என்று இன்னும் 610. மிஞ்சிய நிகர இலாபம் 14,900. சுயதொழில் கணக்கைக் காட்டும் ஷெடியூல் சி தாளின் 31 ஆவது வரியில் இருப்பது அதுதான். வேறு வருமானம் இல்லாததால் ஆண்டு வரி அறிக்கையான 1040 படிவத்தின் 9 ஆவது வரியான மொத்த வருமானமும் அதேதான்.

ஐ-864 கேட்பது அந்த 9 ஆவது வரி. சிலர் 11 ஆவது வரியை எழுதிவிடுகிறார்கள். சுயதொழில் வரியின் பாதி அங்கே கழிந்துவிடும். இவருடைய கணக்கில் அது சுமார் 1,050 டொலரை வீணாகக் குறைத்திருக்கும்.

குடும்பம் 51,300 ஐ நம்பி நிம்மதியாக இருந்தது. தேவையோ 25,550, கையில் இருப்பதாகக் கணக்கில் கொள்ளப்படுவது 14,900, பற்றாக்குறை 10,650. கணவருக்கு இது அநியாயமாகப் பட்டது விளங்கிக்கொள்ளக்கூடியது. மைல் கழிவு என்பது முழுக்கக் கையை விட்டுப்போன காசு அல்ல. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பியது எல்லாம் அந்த 40,400 இலிருந்துதான் போயின. ஆனால் வரிக் காரியாலயத்துக்கு ஒரு தொகையும் தூதரகத்துக்கு இன்னொரு தொகையும் சொல்ல முடியாது.

வரி அறிக்கையைத் திருத்தி மைல் கழிவை எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுந்தது. அந்த வழி கைவிடப்பட்டது. கழிவு உண்மையானது, அதை விசாவுக்காக அழிப்பது அறிக்கையையே பிழையாக்கும். மனு நடக்கும்போது திருத்திய அறிக்கை எந்த அதிகாரியின் கண்ணிலும் படும்.

காணி, வைப்பு, உறவினர்: பார்த்த வழிகளும் விட்ட காரணங்களும்

வருமானம் போதாவிட்டால் சொத்தைக் காட்டலாம். அழைக்கப்படும் மனைவியின் சொத்தும், அது இலங்கையில் இருந்தாலும், செல்லும். அமெரிக்கக் குடியுரிமையாளரின் துணைக்குப் பற்றாக்குறையின் 3 மடங்கு போதும். மற்றப் பெரும்பாலான உறவுகளுக்கு 5 மடங்கு. இங்கே தேவை 31,950 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 96 இலட்சம். கடன் போக மிஞ்சும் பெறுமதியாகவும், ஓராண்டுக்குள் காசாக மாற்றக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும்.

உப்புவெளி வீடும் 20 பேர்ச் காணியும் அந்தப் பெறுமதிக்குக் குறையாது. ஆனால் சீதன உறுதியை விரித்துப் பார்த்தபோது பெற்றோருக்குச் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் இருக்கும்வரை அந்த வீட்டை முழு உரிமையோடு வாங்க எவரும் முன்வரமாட்டார்கள். திருகோணமலைப் பக்கம் சீதன உறுதிகள் பலவற்றில் இந்த ஒதுக்கம் உண்டு. உறுதியின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மதிப்பீட்டாளருக்குக் காசு கட்டுவது வீண்.

கன்னியாப் பக்கம் அரை ஏக்கர் இருந்தது. அது பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணிபோல நினைத்தவுடன் விற்க முடியாது. போதாததற்கு, விற்ற காசை வெளியே கொண்டுபோக 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழான வரம்புகளையும் பார்க்க வேண்டும். இரண்டு காணியும் விடப்பட்டன.

நிலையான வைப்பு 18 இலட்சம் உண்மையான காசு. ஆனால் அது 6,000 டொலர்தான். மூன்றால் வகுத்தால் 2,000 டொலர் பற்றாக்குறையை மட்டும் மூடும். ஒரு மாதத்துக்குக் காசு போட்டுத் தருகிறோம், வங்கிக் கடிதம் எடுத்த பிறகு திருப்பித் தாருங்கள் என்று உறவினர் சிலர் நல்ல மனதோடு கேட்டார்கள். திடீரென்று ஏறிய மீதிக்கு மூலம் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். பொய்யான தகவலால் விசா பெற முயன்றார் என்று முடிவானால் நிரந்தரத் தடை வரலாம் என்பது மறுபக்கம். வருமானக் குறைவைச் சரிப்படுத்தலாம், அந்தத் தடையோடு வாழ்வது வேறு விடயம். வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

ஆசிரியைச் சம்பளமும் கணக்கில் வராது. அமெரிக்கா போனபின் அதே இடத்திலிருந்து தொடரும் வருமானம் மட்டுமே சேரும்.

மிஞ்சியது, கணவருக்கு மேலதிகமாகப் பொறுப்பேற்கும் கூட்டு ஸ்பொன்சர். ரொறன்ரோவில் நல்ல வசதியோடு இருக்கும் சித்தப்பா தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். எவ்வளவு வசதி இருந்தாலும் கனடாவிலிருந்து செய்ய முடியாது. கூட்டு ஸ்பொன்சர் 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடியுரிமையாளராகவோ கிறீன் கார்ட் உள்ளவராகவோ இருந்து, அமெரிக்காவிலேயே நிரந்தரமாக வசிக்க வேண்டும். அங்கே நல்ல சம்பளம் வாங்கும் நண்பர் ஒருவரும் இதே காரணத்தால் விலக்கப்பட்டார். அவர் தற்காலிகத் தொழில் விசாவில் இருந்தார். உறவு இருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயமில்லை.

கணவருடைய மச்சான், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், ஒப்புக்கொண்டார். அவருடைய சம்பளம் 49,600 டொலர்.

கையெழுத்துக்கு முன் நடந்த பேச்சு

ஊரில் இதை “ஒரு கையெழுத்துத்தானே” என்று கேட்பதுண்டு. இந்தக் கோவையில் அப்படிக் கேட்கப்படவில்லை, அது சரியாகச் செய்யப்பட்ட விடயம். பொறுப்பு எப்போது தீரும் என்பது மச்சானுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது: வந்தவர் குடியுரிமை பெறும்போது, அல்லது அவருடைய பெயரில் 40 காலாண்டு உழைப்பு சேரும்போது, அல்லது அவர் நிரந்தர வதிவுரிமையை விட்டு நாட்டைவிட்டே போகும்போது, அல்லது இறக்கும்போது. 40 காலாண்டு என்றால் ஏறத்தாழ 10 வருட வேலை. இடையில் வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரச உதவிகளை அவர் பெற்றால், அந்த நிறுவனம் ஸ்பொன்சரிடம் திருப்பிக் கேட்கலாம்.

மச்சானின் மனைவி தொலைபேசியில் கேட்டது ஒரேயொரு கேள்வி: “நாளைக்கு அவை ரெண்டு பேரும் பிரிஞ்சாலும் நாங்களோ பொறுப்பு?” ஆம், விவாகரத்து இந்தப் பொறுப்பைத் தீர்க்காது என்று மறைக்காமல் சொல்லப்பட்டது. அவர் தன்னுடைய வருமானத்தைச் சேர்க்க அப்போது விரும்பவில்லை. மச்சானின் சம்பளம் மட்டுமே 5 பேருக்கான (மச்சான், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வருபவர்) 45,725 ஐத் தாண்டுகிறதே என்பதால் யாரும் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் தாக்கல்

2024 ஒக்டோபரில் இரண்டு ஐ-864 படிவங்கள் போயின. கூட்டு ஸ்பொன்சர் கிடைத்துவிட்டார் என்று மனுதாரர் தன் படிவத்தை விட்டுவிட முடியாது. வருமானம் போதாவிட்டாலும் கணவர் தன்னுடையதை நிரப்பியே ஆக வேண்டும். அதில் 14,900 என்றே எழுதப்பட்டது. வரிப் பிரதியை (ட்ரான்ஸ்கிரிப்ட்) இருவரும் வரித் திணைக்கள இணையக் கணக்கிலிருந்து இலவசமாக எடுத்தார்கள். மச்சானின் வரி அறிக்கை மனைவியோடு கூட்டாகத் தாக்கல் செய்யப்பட்டது, மொத்தம் 70,900. அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்று காட்ட அவருடைய டபிள்யூ-2 கட்டாயம் தேவைப்பட்டது. கடவுச்சீட்டின் விபரப் பக்கம் குடியுரிமைக்குச் சான்று.

திருகோணமலையில் பலர் இந்தப் படிவத்தைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோகிறார்கள். தேவையில்லை. ஸ்பொன்சர் பேனையால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்தால் போதும். கையெழுத்து இடத்தில் பெயரைத் தட்டச்சுச் செய்தால் ஏற்க மாட்டார்கள். மனைவியின் பெயர் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டு படிவத்திலும் எழுதப்பட்டது.

நவம்பரில் ஆவணங்கள் நிறைவு என்ற அறிவித்தல் வந்தது. பலர் இந்த இடத்தில் வருமானம் ஏற்கப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். என்.வி.சி தாள்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. போதுமா என்று தீர்மானிப்பவர் தூதரக அதிகாரி.

கொழும்பு நேர்முகம்

2025 ஜனவரியில் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொண்டு மனைவி கொழும்பு காலி வீதியிலுள்ள தூதரகத்துக்குப் போனார். திருமணம் பற்றிய கேள்விகள் சில நிமிடத்தில் முடிந்தன. அதன்பின் அதிகாரி மச்சானின் தாள்களைப் புரட்டினார். வரிப் பிரதியில் தங்கிவாழ்வோர் மூவர். படிவத்தில் எழுதியிருந்தது இரண்டு பிள்ளைகள் மட்டும். மூன்றாவது யார் என்ற கேள்விக்கு மனைவிக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. குறை தீரும்வரை விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாள் கையில் கொடுக்கப்பட்டது: கூட்டு ஸ்பொன்சரின் குடும்ப அளவைத் திருத்தி மீண்டும் தாருங்கள்.

விடுபட்டவர் மச்சானின் அம்மா. 2020 இல் அவரை அழைத்ததும் இதே மச்சான்தான், இதே ஐ-864 இல் கையெழுத்திட்டு. “அம்மா தம்பி வீட்டில இருக்கிறா, எங்கட வீட்டில இல்லை” என்பது அவருடைய விளக்கம். அது உண்மைதான். ஆனால் இந்தப் படிவத்தின் குடும்பம் கூரையைக் கொண்டு எண்ணப்படுவதில்லை. ஸ்பொன்சர், துணை, மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், வரியில் தங்கிவாழ்வோராகக் காட்டியவர்கள், முன்பு ஸ்பொன்சர் செய்து இன்னும் பொறுப்புத் தீராதவர்கள், இப்போது வருபவர் ஆகிய எல்லோரும் சேர்வார்கள். அம்மாவின் செலவில் பாதிக்கு மேல் கொடுப்பதால் மச்சான் அவரை வரியில் காட்டியிருந்தார், அது முறையானது. அந்த அம்மா இரண்டு வழியாலும் கணக்கில் வருகிறார், ஆனால் ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

ஆக 5 அல்ல, 6. தேவை 52,450. சம்பளம் 49,600. பற்றாக்குறை 2,850.

திருத்தமும் முடிவும்

இன்னொரு கூட்டு ஸ்பொன்சரைத் தேடுவதா, மச்சானின் மனைவியின் 21,300 டொலர் சம்பளத்தைச் சேர்ப்பதா என்பதே அடுத்த தீர்மானம். புதியவர் என்றால் எல்லாத் தாளும் முதலிலிருந்து. மச்சானின் மனைவியோ ஐ-864ஏ என்ற ஒரேயொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும்; அதில் மச்சானும் சேர்ந்து கையெழுத்திடுவார். அதன் விளைவு சிறியதல்ல, மச்சானோடு சேர்த்து அவரும் முழுப் பொறுப்பாளியாகிறார். இம்முறை விசா கேட்கும் மனைவியே அவரை அழைத்து, “மச்சாள், நீங்கள் மாட்டன் எண்டாலும் எனக்கு மனவருத்தமில்லை, நாங்கள் வேற வழி பாப்பம்” என்று சொன்னார். யோசித்துவிட்டு ஒரு வாரத்தில் அவர் ஒப்புக்கொண்டார்.

2025 பெப்ரவரியில் திருத்திய ஐ-864, ஐ-864ஏ, இருவரின் டபிள்யூ-2, ஒரே முகவரியில் வசிப்பதற்கான சான்று, அம்மா பற்றிய ஒரு பக்க விளக்கம் ஆகியவை தாளில் சொன்ன வழியில் கொடுக்கப்பட்டன. புதிய ஆண்டின் கோட்டில் 6 பேருக்கு 53,937 டொலர். 70,900 இரண்டு கோட்டையும் தாண்டியது. ஏப்ரல் நடுப்பகுதி தாண்டியிருந்தால் 2024 ஆம் ஆண்டு வரி அறிக்கையையும் கேட்டிருப்பார்கள், ஆகவே பெப்ரவரியிலேயே கொடுத்தது உதவியது. மருத்துவ அறிக்கையின் காலமும் இன்னொரு கவலை. அது காலாவதியானால் பரிசோதனையும் செலவும் மறுபடி.

மார்ச்சில் விசா வந்தது. விவாகப் பதிவுக்கு 2 ஆண்டு கடந்துவிட்டதால் வகை ஐஆர்1. அதற்குமுன் போயிருந்தால் சிஆர்1 வகையில் 2 ஆண்டுக்கான நிபந்தனைக் கார்ட்டும், பின்னர் நிபந்தனை நீக்க மனுவும் வந்திருக்கும். தாமதத்தால் கிடைத்த ஒரே நன்மை இது. கிறீன் கார்ட்டுக்கான 235 டொலரைப் பயணத்துக்கு முன் இணையத்தில் கட்டிவிட்டு ஏப்ரலில் அவர் புறப்பட்டார்.

இதே கோவை மறுபடி வந்தால்

ஐ-130 அங்கீகாரத்துக்குக் காத்திருந்த 15 மாதமும் வருமானப் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணவரின் வரி அறிக்கையின் 9 ஆவது வரியை மனுப் போட்ட அன்றே பார்த்திருந்தால் சம்பள வேலைக்கு மாற அவருக்கு நேரம் இருந்தது. படிவம் நடப்பு வருமானத்தையும் பார்ப்பதால், சில மாதச் சம்பளத் துண்டுகளும் தொழில்தருநரின் கடிதமும் இருந்தால் கூட்டு ஸ்பொன்சரே தேவைப்படாமல் போயிருக்கலாம். சுயதொழில் செய்பவரின் மனைவிமாருக்கு இதுதான் முதலில் சொல்லவேண்டியது.

கூட்டு ஸ்பொன்சரிடம் “எவ்வளவு சம்பளம்” என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டியவை வேறு: வரியில் யார் யாரைக் காட்டுகிறீர்கள், இதற்கு முன் யாருக்காவது ஐ-864 இல் கையெழுத்து வைத்தீர்களா, அவர்கள் குடியுரிமை பெற்றுவிட்டார்களா. பதில்களைப் படிவத்தோடும் வரிப் பிரதியோடும் ஒப்பிட்டு, தங்கிவாழ்வோர் எண்ணிக்கை பொருந்தாத இடத்தில் ஒரு விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். நேர்முகத்துக்குப் போகும் மனைவியும் அந்தக் கணக்கைப் பெயரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேள்வி கேட்கப்படுவது அவரிடம்தான். சம்பளம் கோட்டைச் சற்றே தாண்டும் கூட்டு ஸ்பொன்சரிடம் துணையின் ஐ-864ஏ பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

ஐ-864 இல் கையெழுத்திட்ட கணவரும் மச்சானும் இனி வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் முகவரியை அறிவிக்க வேண்டும் என்பதும் அவர்களிடம் சொல்லப்பட்டுள்ளது. மச்சான் அடுத்ததாகத் தன் அப்பாவை அழைக்க எண்ணியிருக்கிறார். அந்தப் படிவத்தில் உப்புவெளியிலிருந்து போன இந்த மனைவியும் ஒரு தலை: அவர்கள் நால்வர், அம்மா, இவர், அப்பா என்று 7 பேர். 2025 கோட்டில் அதற்குத் தேவை 60,812 டொலர்.